சிகிச்சை இலவசம், போகிற கூலிக்கு யார் பொறுப்பு?

ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் கிராம சுகாதார செவிலியராகவும், பின்னர் பகுதி சுகாதார செவிலியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற பின்னும், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர்களும் பனியன் கம்பெனிப் பெண்களும் ஏதேனும் ஒரு சீட்டையோ ஸ்கேன் ரிப்போர்ட்டையோ எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. அவர்களோடு மருத்துவமனைகளுக்கு நடந்து நடந்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நம் பகுதியில் ஏழைகளை மருத்துவத்திலிருந்து விலக்கி வைப்பது பெரும்பாலும் மருந்தின் விலை அன்று. மருந்து வாங்கப் போகும் நாளில் அவர்கள் இழக்கும் கூலியும், அலைச்சலும், கையில் இல்லாத காகிதங்களும், கேட்க நேரும் கடுஞ்சொல்லும்தான் அவர்களைத் தடுக்கின்றன. இவற்றைக் குறைத்த இடங்களுக்கு மக்கள் தாமாகவே வந்தார்கள். குறைக்காத இடங்களுக்கு எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தியும் வரவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கென ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாநிலம் முழுவதும் அனுப்புவதால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கிடைக்கிறது. 2009-இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெரிய சிகிச்சைகளுக்கு வழி இருக்கிறது. திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. இவ்வளவும் இருந்தும் ஒரு டெய்லர் அக்கா தன் மார்பில் கட்டி இருப்பதை ஏன் ஓராண்டாக யாரிடமும் காட்டாமல் இருந்தார்? "இன்னைக்கு ஷிப்ட் போச்சுன்னா வாரம் பூரா இடிக்குமுங்க நர்சம்மா" என்று அவர் சொன்ன பதில்தான் நான் இங்கே எழுதும் அனைத்துக்கும் அடிப்படை.

அவருடைய கணக்கை விளக்குகிறேன். திருப்பூரில் காலை எட்டரை மணிக்கு வேலை தொடங்குகிறது. ஆர்டர் அவசரமாக இருக்கும் நாளில் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் ஓடும். சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமைதோறும் கைக்கு வருகிறது. வீட்டு வாடகை, சீட்டுப் பணம், குழுக் கடன் எல்லாம் அந்தச் சனிக்கிழமையை நம்பியே நிற்கின்றன. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவோ காலையில் திறந்து மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதல் நாள் சீட்டுப் போட்டு மருத்துவரைப் பார்த்தால் ஸ்கேன் எழுதித் தருவார். ஸ்கேனுக்கு வேறொரு நாள், முடிவு வாங்க மற்றொரு நாள், அதை மருத்துவரிடம் காட்ட இன்னொரு நாள் என்று போகும். எங்கும் ஒரு ரூபாய் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த நாள்களின் கூலி முழுவதும் போயிருக்கும். காண்ட்ராக்டர் அந்த மெஷினில் வேறு ஆளையும் உட்கார வைத்திருப்பார்.

கூலியை இழந்துதான் சிகிச்சை பெற வேண்டும் என்பது மாற்ற முடியாத விதியா என்று கேட்டால், இல்லை என்பதற்கு என் பணியிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது தானாக நடந்துவிடவில்லை. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியானால் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்று வைத்து, அங்குள்ள செவிலியர் கர்ப்பிணியின் வீட்டுக்கே போய்ப் பெயரைப் பதிவு செய்தார். ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, கர்ப்ப காலத்தில் அந்தப் பெண் இழந்த வருமானத்தில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டியது. கர்ப்பிணி வராவிட்டால் நாங்கள் தேடிக்கொண்டு போனோம். வராத குற்றத்தை அவர்மேல் போடவில்லை. அதே வீட்டில் நாற்பத்தைந்து வயதில் சர்க்கரையோடு தறி ஓட்டிய கணவரை நீண்ட காலம் யாரும் தேடவில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகுதான், மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் அவர் வயதினருக்கும் வந்தது. பிரசவத்துக்கு நாம் காட்டிய அக்கறை எல்லா நோய்க்கும் உரியது என்பதே என் வாதம்.

தேடிப்போவது எப்படி என்பதற்கு, நான் மிகவும் மதிக்கும் ஓர் ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஈரோட்டுக்கு அருகே ஒரு பேரூரில் தூய்மைப் பணியாளர்களாக வேலை செய்யும் பெண்கள் பலருக்குச் சர்க்கரை இருப்பதாக எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவர்கூட வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு வரவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு மஸ்டர் என்னும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அன்று வேலை இல்லை. வேலை முடிந்து வருவதற்குள் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் நேரம் கடந்திருக்கும். விடியலிலிருந்து வண்டி தள்ளும் ஒருவரை மதியம் வரை சாப்பிடாமல் இருந்து வா என்று சொல்வதும் முறையல்ல.

எங்கள் மருத்துவ அலுவலரும் சுகாதார ஆய்வாளரும் பேசி, ரத்தம் எடுப்பதை மஸ்டர் எடுக்கும் இடத்துக்கே மாற்றினார்கள். ஆய்வக நுட்புநர் ஐந்தேகாலுக்கு ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டார். கையெழுத்துப் போட்ட கையோடு அவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். எட்டரை மணிக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் தெருமுனையிலேயே இட்லி சாப்பிட்டார்கள். பத்தரை மணிக்கு அதே இடத்தில் இரண்டாவது முறை ரத்தம் எடுத்தோம். எவருக்கும் அரை நாள் கூலிகூடப் போகவில்லை. மேஸ்திரி முதலில் முகம் சுளித்தாலும், வேலை கெடவில்லை என்று கண்டதும் ஒத்துழைத்தார்.

அன்று பாதங்களையும் பார்த்தோம். காலணியைக் கழற்றச் சொன்னபோது பலர் தயங்கினார்கள். குப்பையில் நின்ற காலை மற்றவர் தொடுவதா என்ற கூச்சம் அது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் இடது குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஒன்று தோலுக்குள் புதைந்து, சுற்றிலும் தோல் வெளுத்துத் தடித்திருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரல்களைத் தொட்டபோது, தொட்டதே தெரியவில்லை என்றார். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன கால் அது. இன்னும் சில வாரங்கள் கழிந்திருந்தால் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலைக்குப் போயிருக்கும். சில்லை எடுத்துப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மாத்திரையும் தொடங்கினோம். அந்தக் கால் தப்பியதற்குக் காரணம் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இல்லை. பரிசோதனை நேரம் ஐந்தரை மணிக்கு மாற்றப்பட்டதுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை, எங்கு வேலை செய்வோருக்கும் பொருந்தும். ஒரு முகாம் நடத்தும் முன் அந்த மக்களின் ஒரு நாளைக் கடிகாரத்தோடு எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள், எந்தக் கிழமை சம்பளம், எந்தக் கிழமை விடுப்பு. சனிக்கிழமைகளில் நடக்கும் பெரிய முகாம்களுக்குத் திருப்பூர்த் தொழிலாளர்கள் குறைவாக வருவதில் எனக்கு வியப்பே இல்லை. சம்பள நாளில் யாரும் கம்பெனியை விட்டு வெளியே வரமாட்டார்கள். தறிப்பட்டறைகள் நிறைந்த ஊரில் காலை எட்டு மணி நல்ல நேரம்; இரவு ஷிப்ட் முடிந்து வருபவரும் பகல் ஷிப்டுக்குப் போகிறவரும் அப்போதுதான் பேக்கரி வாசலில் ஒன்றாக நிற்பார்கள்.

தறிக்காரர் ஒருவருக்குக் காசநோய் வந்தபோது நடந்தவை, கூலியோடு வேறு சில தடைகளையும் காட்டின. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை தறி ஓட்டுபவர். இருமலைப் பஞ்சுத் தூசியால் வந்தது என்று எண்ணிப் பல மாதங்கள் மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்திருந்தார். சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்ததும் மாத்திரை தொடங்கப்பட்டது. சில நாள்களில் நிறுத்திவிட்டார். லைன் வீட்டுக்குப் போய்ப் பேசியபோது, சிறுநீர் சிவப்பாகப் போனதைக் கண்டு ரத்தம் போகிறது என்று பயந்துவிட்டார் என்று தெரிந்தது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக மாற்றும். அதில் ஆபத்து எதுவும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை மாத்திரை கொடுத்த இடத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நீண்ட வரிசையும் அவசரமும் உள்ள இடத்தில் முதலில் விடுபட்டுப் போவது இத்தகைய விளக்கம்தான், அதிலும் எதிரில் நிற்பவர் கசங்கிய சட்டையோடு கேள்வி கேட்கத் தயங்குபவராக இருந்தால்.

வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்பதால், நாங்கள் வெள்ளைப் புடவையோடு வீட்டுக்கு வருவதை அவர் விரும்பவில்லை. அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பது வீட்டு உரிமையாளர்களுக்குத் தெரியாது. எனவே காலை எட்டரை மணிக்கு, ஷிப்ட் முடிந்து வரும் வழியிலேயே, வரிசையில் நிற்காமல் அவர் மாத்திரை வாங்கிக்கொள்ள மருத்துவ அலுவலர் ஏற்பாடு செய்தார். காசநோயாளியைக் கூட்டத்தில் காக்க வைக்காமல் முதலில் அனுப்புவது மற்றவர்களுக்கும் பாதுகாப்பானது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் என்று ஆறு மாதத்தையும் முடித்துக் குணமடைந்தார்.

காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக அரசு மாதந்தோறும் பணம் தரும் நிக்சய் திட்டம் 2018 ஏப்ரலில் 500 ரூபாயோடு தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்து அத்தொகை 1,000 ரூபாய். இவருக்கு அப்பணம் மாதக்கணக்கில் வரவில்லை. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆனால் அவர் கொடுத்த வங்கிக் கணக்கு பயன்பாடில்லாமல் முடங்கிக் கிடந்தது. அஞ்சலகத்தில் ஆதாருடன் இணைந்த புதிய கணக்கு தொடங்கிய பிறகுதான் பணம் வந்தது. நோயாளி மெலிந்து கொண்டிருந்த மாதங்களில் வர வேண்டிய பணம், அவர் தேறிய பிறகு வந்து சேர்ந்தது. ஆகையால் காசநோய் உறுதியான அன்றே வங்கிக் கணக்கில் கடைசியாக எப்போது பணம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் உடல் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மோசமான நிலையில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். ஒரு செவிலியர் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடியவை இவை. உங்கள் உறவினருக்கு இவை பார்க்கப்பட்டனவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சாதியைப் பற்றிப் பேசாமல் கொங்கு நாட்டில் மருத்துவ நீதியைப் பற்றிப் பேச முடியாது. நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் தடுப்பூசி முகாம்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடக்கும். நிழல், திண்ணை, குடிநீர் எல்லாம் அங்கே இருந்ததால் அது வசதியான இடம் என்று எல்லோரும் கருதினார்கள். அருந்ததியர் காலனியிலிருந்து குழந்தைகள் வரவில்லை என்றால், அந்த மக்களுக்கு அக்கறை இல்லை என்று பதிவேட்டுக்கு வெளியே பேசிக்கொள்வார்கள். அந்த மண்டபத்தின் படியில் அவர்கள் கால் வைக்க முடியாது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மேலதிகாரியான ஒரு செவிலியர் முகாமைக் காலனிக்கும் ஊருக்கும் இடையிலிருந்த அங்கன்வாடிக்கு மாற்றினார். அடுத்த மாதமே காலனித் தாய்மார்கள் இடுப்பில் குழந்தைகளோடு வந்து நின்றார்கள். ஊர்ப் பெண்கள் சிலர் அங்கே வர மறுத்தார்கள். ஓரிரு மாதம் கழித்து அவர்களும் வந்தார்கள், குழந்தைக்கு ஊசி போட்டாக வேண்டுமே. முகாமுக்கு இடம் தேர்ந்தெடுப்பவர்கள், அந்த ஊரில் மிகவும் ஒதுக்கப்பட்டவர் யாரையும் கேட்காமல் உள்ளே வரக்கூடிய இடமா அது என்று முதலில் பாருங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நூலகம் ஆகியவை ஏற்றவை. தனியார் மண்டபமும் கோயிலும் பெரும்பாலும் ஏற்றவையாக இருப்பதில்லை.

இனி காகிதங்கள். காப்பீட்டு அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்று நான் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் மன்றாடாத குறையாகச் சொல்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அது உரியது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்த பிறகு சான்று வாங்க ஓடுபவர்கள், நோயாளியோடு இருக்க வேண்டிய நேரத்தில் அலுவலக வாசல்களில் நிற்கிறார்கள். ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறு எழுத்தும் இருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும். திருமணமாகி வந்த பெண்களுக்கும், பெயர் இன்னும் தாய்வீட்டு அட்டையில் இருப்பவர்களுக்கும் இது அடிக்கடி நேர்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கும் தொழிலாளர்களையும், உரிய அலுவலரின் சான்று இருந்தால் இத்திட்டத்தில் சேர்க்க இடமுண்டு. நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் ஒடியா பெண்களில் பெரும்பாலோருக்கு இதை யாரும் சொன்னதில்லை. சாலை விபத்துக்கு மட்டும் அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை எந்த அட்டையும் கேட்காமல் அளிக்க வேண்டும்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் முதன்முதலில் 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில்தான் தொடங்கியது. மில் தொழிலாளர் நகரம் என்பதால் வந்த பெருமை அது. இன்று அதே மண்டலத்தில் தம் பெயர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறதா என்றுகூடத் தெரியாத தொழிலாளர்களை நான் ஓயாமல் பார்க்கிறேன். தொழிலாளரின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். சம்பளத்தில் பிடித்திருந்தால் அது உங்கள் பெயரில் கட்டப்பட்டதா என்பதை மத்திய அரசின் உமாங் கைப்பேசிச் செயலியில் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். கண் தெரியாத பெரியவருக்குப் பேரனோ பேத்தியோ இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குக் கட்டப்பட்டிருந்தால், நோயுற்று விடுப்பில் இருக்கும் நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர்களுக்கு, அதைவிடக் கூடுதல் உதவி உண்டு. இழக்கும் கூலிக்கு ஈடு தரும் ஏற்பாடு என்று நம்மிடம் இருப்பது ஏறக்குறைய இது ஒன்றுதான். அதனாலேயே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் 78 நாள் கணக்கும் தேவையில்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா தெறித்துக் கண்ணில் பட்டால், வீட்டில் விழுந்தேன் என்று மருத்துவரிடம் சொல்லும்படி யார் வற்புறுத்தினாலும் கேட்காதீர்கள். முதல் சீட்டில் எழுதப்படும் காரணமே பின்னால் சான்றாக நிற்கும்.

நான்கைந்து ஆட்கள் மட்டும் வேலை செய்யும் தறிப்பட்டறைகளுக்கு இ.எஸ்.ஐ. பொருந்துவதில்லை. பத்துப் பேர் இருந்தால்தான் திட்டம் என்ற எல்லை, நம் பகுதியின் பெரும்பான்மைத் தறிக்காரர்களை வெளியே நிறுத்துகிறது. விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்வது ஓரளவு துணையாகும். ஆனால் நோய்க்கால ஊதியத்துக்கு அது மாற்றாகாது. இந்த ஓட்டையை அடைக்காமல் ஏழைகளுக்கு மருத்துவ நீதி கிடைத்துவிட்டதாக யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மலைப்பகுதிகளில் தொலைவே முதல் தடை. சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்குப் போக, திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு அதன் பிறகும் வழி நீளும். அங்கே வலி வந்த பிறகு ஆம்புலன்ஸை அழைப்பது தாமதம். பேறுகாலத்துக்குச் சில நாள் முன்பே கர்ப்பிணியும் துணைக்கு ஒருவரும் வந்து தங்கவும் சாப்பிடவும் வசதியுள்ள பிரசவக் காத்திருப்பு அறைகள், மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் ஏற்படுத்தப்பட்டது அதனால்தான். அங்கும் மூத்த குழந்தையை யாரிடம் விட்டு வருவது என்ற கேள்வி எழும். குழந்தையையும் உடன் தங்கவிட்ட இடங்களில் பெண்கள் தயங்காமல் வந்தார்கள். அங்கே வாழும் சோளகர் பழங்குடி மக்களிடம் கன்னடம் கலந்த அவர்கள் பேச்சில் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்த ஒரு பணியாளர் வாசலில் இருந்தால், அவர்கள் சொல்லவரும் நோயின் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

மருத்துவமனைக்குத் துணையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நோயாளியை நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். அவரே சொல்லட்டும், விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். பழைய சீட்டு, ரிப்போர்ட், அட்டை நகல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பையில் வையுங்கள். அதைப் புரட்டிப் பார்க்கும் மருத்துவர் அதே பரிசோதனையைத் திரும்ப எழுதாமல் விடுவார், ஒரு நாள் கூலி மிஞ்சும். நோயின் பெயரைச் சீட்டில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அடுத்து எந்த நாள் வர வேண்டும் என்பதோடு, ஸ்கேனும் மருத்துவரும் ஒரே நாளில் கிடைக்கும் கிழமை எது என்றும் கேளுங்கள். நீண்டகால நோய்க்கு மாத்திரை வாங்குகிறவர்கள், நோய் கட்டுக்குள் இருந்தால், இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எல்லா இடத்திலும் கிடைக்காது. கேட்ட இடங்கள் பலவற்றில் கிடைத்திருக்கிறது.

சீட்டுக் கொடுக்கும் இடத்தில் எரிந்து விழும் பணியாளரைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். நானும் அந்தப் பக்கத்தில் நின்றவள். இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் சொல் தடித்துப்போகும். ஆனால் சிலுவாடு சேர்த்துப் பஸ் ஏறி வந்த கிழவியை "ஏய், தள்ளி நில்லு" என்று ஒருமையில் விரட்டினால் அவர் மறுமுறை வரமாட்டார். அடுத்து வரும்போது மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில்தான் வருவார். "வாங்கம்மா, இப்படி உட்காருங்க" என்ற நம் ஊர்ப் பேச்சுக்குக் கூடுதல் ஆளோ கூடுதல் நிதியோ தேவைப்படாது. காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லி நோயாளிகளும் பணியாளர்களும் சேர்ந்தே குரல் கொடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் பகுதியில் சில பெண்கள் சேர்ந்து, தறிப்பட்டறைகள் நிறைந்த ஊர்களின் சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாளாவது மாலை வேளையிலும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் ஆய்வகத்தோடு கூடிய புறநோயாளிப் பிரிவு வேண்டும் என்று கேட்டு வருகிறோம். இத்தகைய கோரிக்கையை நீங்களும் வைப்பதானால், பொதுவாக வசதி வேண்டும் என்று எழுதாதீர்கள். உங்கள் தெருவில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த ஷிப்ட் வேலை செய்கிறார்கள், மருத்துவமனைக்குப் போன மாதத்தில் எத்தனை நாள் கூலி இழந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நோயாளிகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதை முதலில் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்குங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபைகளுக்கு ஷிப்ட் காரணமாக ஆண்கள் வராவிட்டாலும் பெண்கள் வரலாம். தீர்மான நகலோடு திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, மனு எண்ணைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முதலமைச்சரின் உதவி மையமான 1100 என்ற எண்ணுக்கு அழைத்து அந்த மனு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் மனுவுக்கு வட்டார மருத்துவ அலுவலர் நேரில் வந்து பேசினார். ஆய்வக நுட்புநர் ஒருவரைக் கூடுதலாகக் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். அடுத்த கிராம சபைக்குள் அந்தக் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டு வர இரண்டு பெண்களிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம்.